இந்த முகவரியில் இல்லை

பாடாலூர்,
14.10.2002

அன்புள்ள மாப்பிள்ளை சக்திக்கு,

மாமா அய்யம்பெருமாள் எழுதுவது. கடிதம் என்றால் முதல் வரியில் இங்கு அனைவரும் சுகம் என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரியை விட்டுவிட்டு எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. நீ சுகமாக இருக்க வேண்டும். அது மட்டும் என் நிஜமான ஆசை.

என் பையன் வீரமணி தவறிப்போன செய்தி தெரிந்து நீ எழுதிய கடிதம் சித்திரை மாதமே வந்துவிட்டது. நல்ல வேளை, கடை விலாசத்துக்கு எழுதியிருந்தாய். வீட்டுக்கு நான் கொண்டுபோகவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குப் பதில் எழுத உட்காருவேன். யாராவது பேண்ட் கால் சுருக்க வந்துவிடுவார்கள். அதுதான் சாக்கு என்று வைத்துக்கொள். உண்மையில் எனக்குக் கை வரவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். உன் அம்மா எழுதச் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு அதைச் சொல்லவே வாய் வராது. நானே சொல்லிவிடுகிறேன். நீ கப்பல் வேலைக்குப் போன பிறகு வீரமணி என் கடைக்கு எதிரே மெயின் ரோட்டு ஓட்டலில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டான். நீங்கள் இருவரும் திருச்சியில் படித்த கேட்டரிங் படிப்புக்கு அதுதான் கிடைத்தது. தினமும் இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவான். நானே வந்து சாப்பிடுகிறேன்டா என்று எத்தனையோ தரம் சொன்னேன். “நீங்க ரோட்டத் தாண்டாதீங்கப்பா, ஒங்களுக்குப் பார்வை செரியில்ல” என்பான். மாசி மாதம் பத்தாம் தேதியும் அப்படித்தான் வந்தான். ஒரு பஸ் போகட்டும் என்று நின்றான், பஸ் போனது, தாண்டினான். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் லாரி வந்ததை அவன் பார்க்கவில்லை.

நான் ஒரு சட்டைக்குக் காலர் ஏற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. டயர் வெடித்தது என்று நினைத்தேன். அந்தத் தையலை முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன் சக்தி.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன். பதினாறாம் நாள் காரியத்தில் அவனுக்குப் படைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. உன் அத்தை கொளஞ்சி கூரைக்குக் கீழே நின்று கத்திக் கத்திப் பார்த்தாள். முட்டை வைத்தாள், மிக்சர் வைத்தாள், அவன் ஒளித்துக் குடிக்கிற சிகரெட்டைக்கூட யாரையோ விட்டு வாங்கி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். ஆசைப்பட்ட ஏதோ ஒன்று கிடைக்காமல் போயிருக்கிறான் என்றார்கள். என்ன ஆசை என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பெட்டியைத் திறந்தாலே தெரியும். காலண்டரிலிருந்து வெட்டியது, ஓட்டலுக்கு வருகிறவர்கள் விட்டுப்போன புத்தகத்திலிருந்து கிழித்தது, எல்லாம் வெளிநாட்டுக் கட்டடங்கள். பிரமிடு, ரோமாபுரியில் பாதி இடிந்த அந்த வட்டக் கட்டடம், ஏதென்சு மலைமேல் தூண் தூணாக நிற்கிறதே அது. கொளஞ்சி அந்தப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, இதை எப்படி நான் இலையில் வைப்பேன் என்று அழுதாள்.

எனக்கு அந்த ஆசை பிடிபட்டதே இல்லை. அது எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் தெரியும், உனக்கும் ஞாபகம் இருக்கும். உங்களுக்குப் பத்து வயது. ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அப்படியே கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு உங்கள் இருவரையும் கூட்டிப்போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரர், வயசானவர், செருப்பில்லாமல் வெயில் தரையில் தத்தித் தத்தி வந்து, சுவரில் வலது கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வீரமணி அவர் கூட வந்த கைடிடம் போய் என்ன என்று கேட்டுவிட்டான். இருபது வயதில் புத்தகத்தில் இந்தக் கோயிலின் படத்தைப் பார்த்தாராம், வந்து சேர அறுபதுக்கு மேல் ஆகிவிட்டதாம், ஆயிரம் வருசத்துக்கு முந்தி யாரோ ஒரு கல்தச்சன் கை வைத்த இடத்தில் இன்று என் கை இருக்கிறது என்கிறாராம். பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியதும் பையன், நானும் அவரு மாதிரி ஒரு ஊருக்குப் போவணும்ப்பா என்றான்.

நான் சிரித்தேன். இடிஞ்ச செவுத்தப் பாக்க எவனாவது கப்பல் ஏறுவானாடா, ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கு, டவுன் பஸ்ஸுல போயிட்டு வந்துடலாம் என்றேன். பெரியவன் ஆன பிறகும் இதையே சொல்லிக் கிண்டல் செய்வேன். ஒரு நாள் பதில் சொன்னான். “ரஞ்சன்குடி நம்மளுதுப்பா. அதுக்கு நம்மளத் தெரியும். நம்மளத் தெரியாத கல்லு முன்னாடி போயி ஒரு தரம் நிக்கணும்.” தைக்கிறவனுக்கு இது எங்கே புரியும், துணியை வெட்டிக்கொண்டே ம் கொட்டினேன்.

உன் கப்பல் அந்த ஊர்த் துறைமுகங்களில் எல்லாம் நிற்கும் என்று ஏஜென்சிக்காரன் முன்பு சொன்னான். அவனுடைய பாஸ்போர்ட் போட்டோவில் மீந்த ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோ. அவனை அந்தப் பக்கம் பார்க்க வைத்துப் பிடித்துக்கொள். பிறகு அவன் முகம் தெரியத் திருப்பிப் பிடித்து, ஒரு கல்லில் உன் கையைப் பதித்து, யாரையாவது விட்டுப் படம் எடுத்து அனுப்பு. முடிந்தால் ஒரு பிடி மண்ணும் அனுப்பு. குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய் வேறு ஊரில் சாமியை வைக்கிறார்களே, அது மாதிரி அந்த ஊரையே இலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மாசி மாதம் தலைத் திவசம். அதற்குள் வந்தால் போதும்.

பாஸ்போர்ட் விசயத்தில் உனக்கும் அவனுக்கும் ஆன வாய்ச்சண்டை பற்றி நீ நாலு பக்கம் எழுதியிருந்தாய். இரண்டு பேர் பாரத்தையும் நீதான் நிரப்பினாய், உனக்கு வந்தது, அவனுக்கு விலாசம் சரியில்லை என்று திரும்பிவிட்டது, நீ விலாசத்தைத் தப்பாக எழுதிவிட்டாய் என்று அவன் கடைசிவரை நம்பினான், வழியனுப்பக்கூட வரவில்லை. எனக்கும் எல்லாம் தெரியும். அது இப்போது வேண்டாம் சக்தி.

நீ போகும்போது அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது, இப்போது மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பிரித்ததைச் சேர்க்க அரசாங்கத்துக்கு ஒரு கையெழுத்து போதுமாக இருக்கிறது. மழை பரவாயில்லை, மக்காச்சோளம் நன்றாக நிற்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, உன் நல்லதை நினைக்கும்
மாமா அய்யம்பெருமாள்


பாடாலூர்,
23.3.2003

அன்புள்ள மாப்பிள்ளை சக்திக்கு,

மாமா ஆசீர்வாதம். நீ அனுப்பியதை உன்னோடு கப்பலில் இருக்கும் நாகர்கோவில் சிநேகிதர் சென்னை வந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார், திவசத்துக்கு ஐந்து நாள் முன்பே கைக்கு வந்தது. அவருக்கு என் நன்றியைச் சொல்.

படங்களைக் கடையில் வைத்தே பார்த்தேன். பிரமிடு என்றால் ஏதோ செங்கல் அடுக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு கல்லே உன் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறதே! அதன்மேல் உன் கை. இன்னொரு கையில் அவன் போட்டோ. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, அரைக்கை சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தே போய்விட்டார். ஏதென்சு மலையில் தூணைத் தொட்டதற்குக் காவல்காரி விசில் ஊதி விரட்டினாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ஒரு வருசத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. வீரமணியும் கண்டிப்பாகத் தொட்டிருப்பான், அவனையும் விரட்டியிருப்பாள். மேலே எதையும் எடுக்கக்கூடாது என்பதால் கீழே பஸ் நிற்கிற இடத்தில் மண் அள்ளியதாக எழுதியிருந்தாய். அதனால் என்ன, அதுவும் அந்த ஊர் மண்தான்.

எல்லாப் படத்திலும் நீ அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருக்கிறாய். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் இன்டர்வியூவுக்கு நான் தைத்தது. போட்டோவில் அவனும் அதே சட்டை. அவனுக்கு அது அப்படியே நிற்கிறது. உனக்குத் தோள் இறங்கிப்போய், காலருக்குள் கழுத்து ஆடுகிறது. அளவு எடுத்தவன் நான், என்னிடம் மறைக்க முடியாது. ஒன்றரை இஞ்சாவது உடம்பு இளைத்திருக்கிறாய்.

அதற்குக் காரணமும் உன் கடிதத்திலேயே இருந்தது. இரண்டு வருசத்தில் கப்பல் அந்தத் துறைமுகங்களில் நாற்பது தடவை நின்றும் நீ ஒரு தடவைகூட இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது நீ படுக்கையில் கிடந்து, அந்தப் பாரத்தில் என்ன எழுதினேன், கதவு எண் பதினாறா அறுபத்தொன்றா, தெருப் பெயரை விட்டுவிட்டேனா என்று நினைத்துக்கொண்டே இருப்பாய் என்று எழுதியிருந்தாய். நான் கேட்டுக்கொண்டதற்காகத்தான் முதல் தடவை இறங்கினாயாம். இறங்கியும் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையாம், அவன் இடத்தைத் திருடிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்ததாம். மாமா, நான் தப்பா எழுதுனேனா, எங்கிட்ட நெசத்தச் சொல்லுங்க என்று கேட்டிருக்கிறாய்.

நீ தப்பாக எழுதியிருக்க மாட்டாய் சக்தி. உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆபீஸ்களில் எத்தனையோ நடக்கும். அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

திவசம் எப்படி நடந்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது. மறைத்தாலும் உன் அம்மா சொல்லிவிடுவாள். இலை போட்டு, படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒரு ஓரத்தில் அந்த மண்ணைக் குவித்தேன். யார் அனுப்பியது என்று கொளஞ்சி முதலில் கேட்கவில்லை. பிரமிடு படத்தைக் கையில் எடுத்து, உன் கையிலிருக்கிற போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலு கொளுத்துதே என்றாள். அவனுக்குச் சின்னதிலிருந்து வெயிலில் நின்றால் மூக்கில் ரத்தம் வருமே, அந்த ஞாபகம். பிறகு படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அப்போதுதான் பிடித்திருக்கிற ஆள் யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

காக்கை ஒன்று வந்து மதில்மேல் உட்கார்ந்திருந்தது. இறங்கவே இல்லை. பத்து நிமிசம், கால் மணி. எல்லோரும் கைகூப்பி நிற்கிறோம். கொளஞ்சி திடீரென்று, “எம்புள்ளயப் போவவுடாமப் பண்ணவன் அனுப்புன மண்ணு இருந்தா அது எப்புடி எறங்கும்” என்று சொல்லிக்கொண்டே மண்ணை இரண்டு கையாலும் வழித்து என் கையில் கொட்டினாள். கொண்டுபோய்க் குப்பையில் போடச் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். என் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. காக்கை இறங்கிச் சாப்பிடுகிறது.

அவள் அங்கேயே விழுந்து அழுதாள். சாமியே சாட்சி சொல்லிவிட்டதாக ஊரும் பேசுகிறது. அன்று சாயங்காலம் அவள் உங்கள் வீட்டு வாசலுக்குப் போய் மறுபடியும் மண்ணை வாரித் தூற்றினாள். மறுபடியும் என்று எழுதிவிட்டேன். உன் அம்மா இதை உன்னிடம் சொல்லவில்லை என்றால் மன்னித்துக்கொள். நீ கப்பல் ஏறிய வாரத்திலிருந்தே இது நடக்கிறது. உன் அம்மா ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

மண்ணை நான் குப்பையில் போடவில்லை. கடையில் பொத்தான் டப்பா ஒன்றைக் காலி செய்து அதில் வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த தடவை ரோமாபுரியில் நின்றால் இறங்கிப் பார். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மாமா அய்யம்பெருமாள்


பாடாலூர்,
29.6.2003

சக்திக்கு,

இந்தக் கடிதத்தில் மாப்பிள்ளை என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

போன வாரம் உன் அம்மா பொன்னாயி கடைக்கு வந்தாள். உன் தங்கச்சி ஜோதி புருசன் வீட்டுக்குப் போய்விட்டதால் உன் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லையாம். அண்ணே, நீங்க படிங்க என்று நீட்டினாள். படித்தேன். இந்த ஒப்பந்தத்தை முடிக்காமலே பாதியில் இறங்கி வருகிறாய், இனிமேல் கப்பல் வேண்டாம், வந்ததும் நேரே வீரமணி வீட்டுக்குப் போய் அத்தை காலில் விழுந்து, நான்தான் தப்பாக எழுதினேன் என்று ஒத்துக்கொள்ளப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். எழுதினாயா இல்லையா என்று உனக்கே ஞாபகம் இல்லாத தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறாய். என் வாயால் அதைச் சத்தம் போட்டுப் படித்தேன். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வரட்டும்ண்ணே. அவன் கால்ல வுழுந்தாவது அவ மனசு ஆறட்டும். எம்புள்ளதான் தப்புப் பண்ணிட்டான் போலருக்கு” என்றாள்.

பெற்றவளே நம்பிவிட்டாள் சக்தி. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நீ பாரத்தில் ஒன்றும் தப்பாக எழுதவில்லை. கதவு எண் பதினாறு, சரியாகத்தான் எழுதியிருந்தாய். இரண்டாயிரமாவது வருசம் கார்த்திகை மாதம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்தார். வீட்டுக்குப் போகவில்லை, அவர் காக்கி பேண்டே என்னிடம்தான் தைத்துக்கொண்டிருந்தார், அதனால் கடைக்கே வந்துவிட்டார். முதலில் உன்னைப் பற்றிக் கேட்டார். நல்ல பையன் சார், எங்க தெருவுலதான் இருக்கான் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த தாளைப் புரட்டி, இது ஒங்க பையன்தான, இருக்கானா என்று கேட்டார். இருக்கிறான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டியதுதான். நான், “அவன் இங்க இல்லீங்க சார். திருப்பூரு பக்கம் போயி ரெண்டு வருசமாச்சு. இந்த விலாசமெல்லாம் சும்மா குடுத்துருக்கான்” என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பெத்தவரே சொல்றீங்க, அப்புறம் நான் என்னா எழுதறது என்றார். இந்த முகவரியில் இல்லை என்று எழுதினார். நான் அவர் பேண்டுக்குக் கடைசி பட்டனை வைத்துக் கையில் கொடுத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். வீரமணிக்கு முன்னால் எங்களுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை, உனக்குத் தெரியும். திருமானூர்ப் பாலத்தில் பஸ் போகும்போது கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடினாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். இவன் மாசக் கணக்கில் கரையே தெரியாத கடலில் இருப்பான் என்று நினைக்கவே முடியவில்லை. போகாதே என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. அவன் என்னிடம் எதிர்த்துப் பேசியதே கிடையாது, சொல்லியிருந்தால் சரிப்பா என்று பெட்டியை மூடி வைத்திருப்பான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முடியாது. அதனால் பாஸ்போர்ட் ஆபீஸ் தலையில் போட்டுவிட்டேன். ஒரு வருசம் தள்ளிப் போகட்டும், கல்யாணம் செய்துவைத்தால் மறந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவன் உன் தலையில் போடுவான் என்று நான் நினைக்கவில்லை. போட்ட பிறகு நான் மறுக்கவும் இல்லை. கடல் கொண்டுபோய்விடும் என்று பயந்து பிடித்து வைத்தேன், என் கடை வாசலிலேயே போய்விட்டான். எனக்குச் சோறு கொண்டு வரும்போது போனான்.

திவசத்தன்று காக்கை ஏன் இறங்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மண்ணுக்காக இல்லை. நான் இலைக்குப் பக்கத்தில் நின்றேன். நான் நகர்ந்ததும் வந்து தின்றது. ஊருக்கு நடுவில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். மண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு ஊமையாட்டம் நின்றேன்.

கொளஞ்சியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள், கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “ரெண்டு வருசமா அந்த வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்துனேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?” ஆமாம் என்றேன். எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனாள். வாசலை முழுக்கக் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டாள். உன் அம்மா வெளியே வந்து பார்த்துக்கொண்டே நின்றாளாம். பிறகு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள் என்று உண்ணாமலை வந்து சொன்னாள், எதிர்வீட்டுக்காரி, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. கொளஞ்சி எனக்குச் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். பேச்சு இல்லை. இனிமேல் இருக்குமா என்றும் தெரியாது. பொத்தான் டப்பாவைக் கடையிலிருந்து எடுத்துப்போய்விட்டாள், அவன் பெட்டியில் படங்களோடு வைத்திருக்கிறாள்.

இதை எழுதும் முன்னால் நான் தனியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். அந்த வெள்ளைக்காரர் நின்ற இடம் ஏறத்தாழ நினைவிருந்தது. நானும் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இருபது வயதில் நினைத்து அறுபதில் வந்து சேர்ந்தவனுக்கு அங்கே ஏதோ கிடைத்தது. என் பையனுக்கும் கிடைத்திருக்கும். அது என்ன என்று அவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இனி வழியில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ மன்னிக்க வேண்டாம். பாதியில் இறங்கி வராதே, அது ஒன்றைத்தான் கேட்கிறேன். கப்பல் நிற்கிற ஊரில் எல்லாம் இறங்கு. கண் நிறையப் பார். நீ யார் இடத்தையும் திருடவில்லை, அவன் இடத்தைத் திருடியவன் நான். அவனையும் கூட்டிக்கொண்டு போ. அந்த வட்டக் கட்டடத்தை இன்னும் அவன் பார்க்கவில்லை. படத்தில் பார்த்த மாதிரியே இருக்கிறதா என்று அவனிடம் கேள், நீங்கள் இருவரும் எப்போதும் போலச் சண்டை போட்டுப் பேசுங்கள்.

அவன் உன்மேல் கோபத்தோடு போய்விட்டான். அதைத் தீர்க்க எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. இன்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீரமணி, தகப்பனார் பெயர் அய்யம்பெருமாள், கதவு எண் பதினாறு, இந்த முகவரியில்தான் பிறந்ததிலிருந்து குடியிருந்தான், நல்ல பையன், அவனைப் பற்றி விசாரித்தபோது பொய் சொன்னது பெற்ற தகப்பனாகிய நான். இவ்வளவுதான். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். அந்த ஏட்டு மாறுதலாகி வேறு ஊர் போய்விட்டார். இப்போது இருப்பவர், செத்தவனுக்கு இதெல்லாம் எதுக்குங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ரோமாபுரியில் அவன் போட்டோவைக் கையில் எடுத்து அவனுக்கு இதைப் படித்துக் காட்டு. சத்தமாகப் படி, அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. படித்துவிட்டுக் கல்லில் கை வை. ஒரு கை உனக்கு, ஒரு கை அவனுக்கு. எனக்காக வைக்காதே.

நீ போகிற இடமெல்லாம் குலசாமி உன்னைக் காப்பாற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அய்யம்பெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் உன் அம்மா வந்தாள். கொளஞ்சி உனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாளாம். என்னிடம் சொல்லாமல் உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். போட்டோவை ரொம்ப நேரம் வெயிலில் பிடிக்க வேண்டாமாம். அவனுக்கு வெயில் ஆகாது.